இரண்டு பேர் பூட்டிய அரைக்காசு

நிசா டிடிபி கடைக்கு எதிரே நிற்கும் கரும்புச்சாறு வண்டியில் சிவரஞ்சனி மூன்றாவது டம்ளரை வாங்கிவிட்டாள். தாகம் ஒன்றும் இல்லை. ரோட்டைத் தாண்டி அந்தக் கடைக்குள் போக வேண்டும், அதற்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த ரோடு அப்படியொன்றும் அகலமானதில்லை. ஆனால் ஏழு வருடமாக அவள் அதைத் தாண்டவில்லை. கடைக்கு முன்னால் போக வேண்டி வந்தால்கூட, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பழக்கடையில் எதையோ தேடுகிறவள்போலப் போய்விடுவாள்.

வண்டிக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "தாயி, நாலாவது குடிச்சா வயித்தால போயிரும். வந்த சோலிய வெரசாப் பாரு."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? ஏழு வருடத்துக்கு முன்னால் இதே ரோட்டில் நின்றுதான் சிவரஞ்சனி "திருடி" என்று கத்தினாள். கடைக்குள்ளிருந்து கடைக்காரி கமர்நிசா "நீதான்டி திருடி" என்று திருப்பிக் கத்தினாள். மதுரை பஸ்சுக்கு நின்ற சனமெல்லாம் பஸ்சை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஏன் வந்து நிற்கிறாள் என்றால், வருகிற திங்கட்கிழமை அவளுடைய ஏலக்காய்த் தோட்டம் கைமாறப்போகிறது. போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை போகிற வழியில் இரண்டு ஏக்கர். புருசன் பிரபுவின் பங்குக்கு வந்தது. பிரபுவுக்குப் போடியில் உரக்கடை வேலை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் ஜீப்பேறிப் போய்த் தோட்டத்தைப் பார்க்கிறவள் சிவரஞ்சனிதான். போன வருடக் கோடையில் மலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை. ஏலச்செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்து மடங்கின. ஓடையோரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் மடங்கவில்லை. அந்த வெயிலிலும் பச்சையாக நின்று, அடியில் காய்ச்சரம்கூட விட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அந்தத் தூர்களைப் பிரித்துத் தோட்டம் முழுக்க நட்டுவிட்டால், இனி எந்தக் கோடைக்கும் பயப்பட வேண்டாம். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்க ஒரு படுதாக் குளம் வெட்ட வேண்டும். பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரிக்கிற குளத்துக்கு மலையில் அப்படித்தான் பெயர். செடி காய்ப்புக்கு வர மூன்று வருடம். அதுவரைக்கும் ஆள்கூலிக்கு வழி வேண்டும்.

பிரபு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். "எல்லாஞ் சரிதான். எதை வச்சு?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் லோடு ஏற்றி இறக்கி அலுத்துப்போனவன். ரிசார்ட் கட்ட இடம் தேடி வந்த கொச்சிக்காரர் ஒருவருக்கு, புரோக்கர் தவசி மூலமாக வாக்குக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை தோட்டத்தில் வைத்து அட்வான்ஸ்.

எதை வச்சு என்ற கேள்விக்கு சிவரஞ்சனியிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலில் பாதி எதிர்க்கடையில் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை அது. அப்போது சிவரஞ்சனி ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வந்து நிசா டிடிபியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். கமர்நிசா முதலாளி, வயதிலும் மூத்தவள். ஆனால் மத்தியானம் இரண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்ஸ்தான். ஒருநாள் மூணாறு போகிற வழியில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒரு நெதர்லாந்துக்காரன் வந்தான். வாயில் போட்டு மெல்லட்டும் என்று அவனுக்கு நாலு ஏலக்காய் கொடுத்தார்கள். மனுசன் சொக்கிப்போனான். ஊருக்குப் போய் மெயில் போட்டான்: அதே காய் ஐந்து கிலோ வேண்டும், விலையை பிட்காயினாக அனுப்புகிறேன்.

பிட்காயின் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. போனால் ஐந்து கிலோ காய்தானே என்று ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, பொறுக்கி, பார்சல் அனுப்பினார்கள். அவன் மெயிலில் சொல்லிக்கொடுத்தபடி கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வாலட்டை ஏற்றினார்கள். அதாவது பணப்பை, துணியும் தோலும் இல்லாத, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற பை. அதில் அரைக்காசு வந்து விழுந்தது. அரை பிட்காயின். அன்றைக்கு அதன் விலை அந்த ஏலக்காயின் விலைதான்.

வாலட் ஒரு பாஸ்வேர்டு போடச் சொன்னது. போடியில் இரண்டு வியாபாரிகள் கூட்டாக ஏலக்காய் மூட்டையை இருப்பு வைத்தால், அந்த அறைக்கு இரண்டு பூட்டு தொங்கும். ஆளுக்கொரு சாவி. ஒருவர் வராமல் இன்னொருவர் திறக்க முடியாது. சந்தேகத்தால் செய்வதில்லை, சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று செய்வது. இவர்களும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டின் முன்பாதியை சிவரஞ்சனி அடித்தாள், கமர்நிசா சுவரைப் பார்த்து நின்றாள். பின்பாதியை கமர்நிசா அடித்தாள், சிவரஞ்சனி வாசலைப் பார்த்து நின்றாள். சரிபார்க்க மறுமுறை கேட்டது. மறுமுறையும் அப்படியே அடித்தார்கள். கட்டத்தில் வெறும் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. பை பூட்டிக்கொண்டது.

அப்புறம் அதை யார் நினைத்தார்கள்? சிவரஞ்சனிக்குக் கல்யாணமாகி, வேலையை விட்டு, வருடங்கள் ஓடிவிட்டன. பிட்காயின் விலை ஏறுகிறது என்று டிவியில் சொன்ன அன்றைக்குத்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். பழைய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் கமர்நிசா கெட்டிக்காரி, வாலட் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். புது லேப்டாப்பில் போட்டார்கள். உள்ளே அரைக்காசு இருப்பது தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அல்வா மாதிரி, பார்க்கலாம், எடுக்க முடியாது. இவள் பாதியை இவள் அடித்தாள், அவள் பாதியை அவள் அடித்தாள். தவறான பாஸ்வேர்டு என்றது. எத்தனை முறை அடித்தாலும் அதையே சொன்னது.

பெங்களூரில் இப்படிப் பூட்டிக்கொண்ட வாலட்டைத் திறந்து தருகிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாக அவனுக்கு அனுப்பினார்கள். அவன் மாதக்கணக்கில் மெசினை ஓட்டினான். எழுத்தை முன்னே பின்னே மாற்றி, எண்ணைச் சேர்த்து, லட்சம் விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துக்கொண்டான்: உங்கள் இருவரில் ஒருவர் சரியான பாதியைத் தரவில்லை.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. என்னைக் காயப்போட்டு, கடைசியில் குறைந்த பங்குக்குத் தலையாட்ட வைக்கப் பார்க்கிறாள் என்று சிவரஞ்சனி நினைத்தாள். கமர்நிசாவும் இவளைப் பற்றி அதையேதான் நினைத்தாள். தன் பாதி சரி என்பது இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் பொய் சொல்வது மற்றவள்தானே? கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். இப்படிச் சுத்தமான கணக்குப் போட்டுத்தான் மனிதர்கள் நாசமாய்ப் போகிறார்கள்.

சிவரஞ்சனி ரோட்டைத் தாண்டினாள்.

கமர்நிசா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். தலையில் நரை கூடியிருந்தது. மாடிப்படியில் வழுக்கியதில் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

"என்ன வேணும்? ஜெராக்ஸா, பிரிண்டா?"

"நிசாக்கா..."

"ஜெராக்ஸ் ஒரு பக்கம் ரெண்டு ரூவா. ஆதார் பிரிண்டுன்னா தனி ரேட்டு."

"அக்கா, தோட்டத்த விக்கப் போறாக. திங்கக்கெழம அட்வான்ஸு."

"விக்கட்டும். எனக்கென்ன?"

"எனக்கு வேற வழி தெரியல. ஒரே ஒரு தடவ போட்டுப் பாப்போம். நீங்க செவத்தப் பாக்க வேணாம். என் பாதிய ஒங்க கண்ணு முன்னாடியே அடிக்கிறேன்."

கமர்நிசா மேசையில் கிடந்த பேப்பர்களை இடது கையால் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "சாப்ட்டியா?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"கரும்புச்சாறு குடிச்சேன்."

"மூணு டம்ளரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உள்ள வந்து ஒக்காரு."

லேப்டாப்பும் பென்டிரைவும் கடையின் உள்ளறை அலமாரியிலிருந்து வந்தன. வாலட் திரையில் வந்தது, அரைக்காசு அப்படியே இருந்தது. இந்த ஏழு வருடத்தில் அதன் விலை நாற்பது லட்சத்துக்கு மேலே போயிருந்தது. சிவரஞ்சனி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் அடித்தாள். கமர்நிசா எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"கொத்துப் பரோட்டாவா? இம்புட்டுக் காசுக்குப் பூட்டு கொத்துப் பரோட்டாவாடி?"

"அன்னைக்குப் பசிக்கா. வேறெதுவும் மண்டையில வரல."

கமர்நிசா தன் பாதியை இடது கையால் ஒற்றை விரலில் அடித்தாள். அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைதான். ஊமைக்கோட்டான். சிவரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டு மனுசந்தான்" என்றாள் கமர்நிசா. "அன்னைக்குக் காலைல சண்ட. நான் கத்துறேன், கத்துறேன், ஒரு வார்த்த பேசாம இட்லியத் தின்னுட்டுப் போயிட்டாரு. அந்தக் கோவத்துல வச்சேன்."

கமர்நிசாவின் புருசன் சாதிக் பாட்சா பாய் இன்றைக்கும் அப்படித்தான். சிவரஞ்சனிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கமர்நிசாவின் உதட்டோரமும் லேசாக நெளிந்தது. எண்டர் தட்டினார்கள்.

தவறான பாஸ்வேர்டு.

மறுபடி அடித்தார்கள். மறுபடியும் அதே. சிரிப்பு வடிந்துவிட்டது. சிவரஞ்சனி பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"அக்கா, நெசமாவே இதுதானா ஒங்க பாதி?"

கமர்நிசா லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "கேட்டுப்புட்ட பாத்தியா. எம் புருசன ஏசுனதக்கூட ஒங்கிட்டச் சொன்னேன். இன்னும் நான் ஒளிக்கிறேன்னுதான் தோணுது ஒனக்கு. போடி. போயிரு."

சிவரஞ்சனி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தோட்டம் போச்சு என்று அந்த நிமிடம் அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டது. ஓடையோரத்து வரிசையை புல்டோசர் வைத்து வழிப்பார்கள், அந்த இடத்தில் கார் நிற்கும்.

அவள் வாசலை அடைவதற்குள் ஒரு ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். சிலமலை ஊர்க்காரர் ராக்கையா. கோயில் அன்னதானத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், இப்போதே வேண்டும், அச்சாபீஸ்காரன் ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவான் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

"டைப் அடிக்கிற புள்ள லீவுண்ணே" என்றாள் கமர்நிசா. "எனக்குக் கை இந்த லெச்சணத்துல இருக்கு."

"ஆத்தா, அப்பிடிச் சொல்லாத. நாளைக்குச் சோறு போடணும், சனத்துக்குத் தெரியவே தெரியாது."

சிவரஞ்சனி வாசலில் நின்றாள். போகலாம். போயிருக்க வேண்டும். ஆனால் மேசையிலிருந்த கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் விரல் பேச்சுக் கேட்கவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்கண்ணே."

ராக்கையா சொல்லச் சொல்ல விரல்கள் ஓடின. வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. அவள் திரையைப் பார்க்கவே இல்லை, முன்பும் பார்த்ததில்லை. கமர்நிசா பக்கத்தில் வந்து நின்றாள். கடைசி வரியில், பணம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கு ராக்கையாவின் ஜிபே ஐடியைப் போட வேண்டும். ராக்கையா போனை நீட்ட, சிவரஞ்சனி அதைப் பார்த்துப் பார்த்து அடித்து முடித்தாள்.

ராக்கையா திரையைப் பார்த்துவிட்டுக் குழம்பினார். "என்ன தாயி இது? சாமியாடி பேசுன மாதிரி இருக்கு?"

கடைசி வரியில், தமிழ் எழுத்துகள் அர்த்தமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. கமர்நிசாவால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவ அப்ப இருந்தே இப்படித்தான்ணே. இங்கிலீசுக்கு மாத்தாமயே அடிச்சிருவா. நம்ம கடையில கம்ப்யூட்டரப் போட்டாலே அது தமிழ்லதான் நிக்கும். நாமளாத்தான் கீயத் தட்டி இங்கிலீசுக்கு..."

பாதியிலேயே அவள் சிரிப்பு நின்றது.

சிவரஞ்சனி மெல்லத் திரும்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு வருடத்தில் அவர்கள் சந்தேகமில்லாமல் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா. அன்னைக்குப் பூட்டும்போது..."

"தமிழ்லயாடி நின்னுச்சு?"

"நடுவுல ஒரு ஆளு வந்தாருக்கா. காதுகுத்துப் பத்திரிகையில மாமன் பேரு விட்டுப்போச்சுன்னு சண்ட போட்டாரு. அதச் சரி பண்ணிட்டுத்தான் வாலட்டுக்கு வந்தோம். நான் மாத்துன ஞாபகமே இல்ல."

"கட்டத்துல வெறும் புள்ளிதான தெரிஞ்சுச்சு. தமிழா இங்கிலீசான்னு யாரு கண்டா?"

அவ்வளவுதான் விஷயம். அவர்கள் விரல்கள் ஆங்கிலத்தில் கொத்துப் பரோட்டாவும் ஊமைக்கோட்டானும் அடித்தன. கடைக் கம்ப்யூட்டர் தமிழில் நின்றுகொண்டு, தன் பாட்டுக்கு வாயில் நுழையாத ஒரு தமிழ்க் குவியலை வாங்கிப் பூட்டிக்கொண்டது. இரண்டு முறையும் ஒரே குவியல், அதனால் ஒப்புக்கொண்டது. புது லேப்டாப்பில் தமிழ் ஏற்றவே இல்லை. பெங்களூர்க்காரனின் மெசின் லட்சம் விதமாகப் போட்டுப் பார்த்தது எல்லாம் ஆங்கில எழுத்தில். பத்திரிகை அடிக்கிற கடையில் உட்கார்ந்து பூட்டிய பூட்டு அது என்று அவனுக்கு யார் சொன்னது?

"என் நோட்டீஸு?" என்றார் ராக்கையா.

"அன்னதானம் நாளைக்குத்தான? ஒக்காருங்கண்ணே" என்று கமர்நிசா அவரை ஸ்டூலில் அமர்த்தினாள்.

கடைக் கம்ப்யூட்டரிலேயே வாலட்டை ஏற்றினார்கள். அதே பழைய தட்டச்சு முறை, தமிழில் வைத்து, சிவரஞ்சனி முன்பாதியை அடித்தாள். கமர்நிசா மணிக்கட்டுக் கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "இது பத்து வெரலும் போட்டு அடிச்சது. ஒத்த வெரல்ல அடிச்சா எனக்கே வராது" என்று சொல்லிவிட்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே பின்பாதியை அடித்தாள்.

தவறான பாஸ்வேர்டு.

இந்த முறை சிவரஞ்சனி சந்தேகம் கேட்கவில்லை. கமர்நிசாவின் கையைத்தான் பார்த்தாள். கை வீங்கியிருந்தது.

"வெரலு வழுக்கிருச்சுடி" என்றாள் கமர்நிசா. "கடைசிக்கு முந்துன எழுத்துல."

"மெதுவா அடிங்கக்கா. அவசரமில்ல."

மறுபடி அடித்தார்கள். முன்பாதி. பின்பாதி. எண்டர்.

திரையில் சின்னதாக ஒரு பச்சை வரி வந்தது. பை திறந்துவிட்டது.

குதிப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று ராக்கையா எதிர்பார்த்திருப்பார். ஒன்றும் நடக்கவில்லை. கமர்நிசா பேப்பர் பண்டலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவரஞ்சனிக்கு முதலில் பணம் நினைவுக்கு வரவில்லை, தோட்டமும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இந்த மனுசி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளை நான் நடுரோட்டில் நிறுத்தி ஊர் பார்க்கத் திருடி என்றேன்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. நடுரோட்டுல வச்சு அப்பிடிச் சொல்லிப்புட்டேன்."

"நானுந்தான சொன்னேன்."

"நாந்தான மொதல்ல சொன்னேன்."

"ஆமா, நீதான் மொதல்ல. அத நானும் மறக்கல." கமர்நிசா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "போன வருசம் அப்ரினுக்கு நிக்கா வச்சோம். பத்திரிகைய நானே ஒக்காந்து அடிச்சேன். எம் மக பேரு அடிக்கிறப்ப, பாவி மகளே, இத நீதான அடிச்சிருக்கணும்னு நெனச்சு அழுதேன். காசு போனதுக்கு நான் ஒருநாளும் அழுகலடி."

சிவரஞ்சனி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த கட்டை எடுத்து அந்த மணிக்கட்டில் சுற்றினாள்.

"யாராச்சும் அந்த ஜிபே ஐடிய மட்டும் அடிச்சுக் குடுங்கத்தா" என்றார் ராக்கையா.

அன்று சாயங்காலமே தேனியில் ஒரு ஆடிட்டரிடம் போனில் கேட்டார்கள். விற்றால் வரி நிறையப் போகும், மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சிவரஞ்சனி கணக்குப் பார்த்தாள். அவள் பங்குக்குக் குளம் வெட்டலாம், தோட்டம் முழுக்க நட்டும்விடலாம். செடி காய்க்கிற வரைக்கும் ஆள்கூலி கொடுக்கத்தான் பத்தாது. பிரபுவிடம் சொன்னபோது அவனுக்குச் சந்தோசம்தான். கூடவே பழைய அலுப்பும் வந்தது.

"பாதியில ஆரம்பிச்சுப் பாதியில விட்டா அதுவும் போச்சு, இதுவும் போச்சு. தவசியண்ணன் திங்கக்கெழம ஆளுகளக் கூட்டிட்டு வர்றாரு. அங்க வச்சுப் பேசிக்கிருவோம்" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை.

விஷயத்தைக் கேட்ட கமர்நிசா, "அப்படி என்னதான் இருக்கு அந்தத் தோட்டத்துல, நானும் வந்து பாக்குறேன்" என்றாள். போடிமெட்டுக்கு அவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள், அன்றைக்கும் வழி முழுக்க வாந்தி.

திங்கட்கிழமை காலையில் வேலையாட்கள் போகிற ஜீப்பில் இரண்டு பேரும் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிகிறவரைக்கும் கமர்நிசா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் சிவரஞ்சனியின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. மெட்டுக்கு மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

தோட்டத்தில் பிரபுவும் தவசியும் முன்னாலேயே வந்திருந்தார்கள். கொச்சிக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் சங்கிலி பிடித்து அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை வரிசையாக அடித்துக்கொண்டு போனார்கள். குச்சிகள் ஓடையோரத்துச் செடிகளின் நடுவே ஏறிப் போயிருந்தன. ஒரு குச்சி, தூரின் நடுவிலேயே, இளந்தண்டைக் கிழித்துக்கொண்டு நின்றது.

"ரிசார்ட் கேட்டுக்கு வழி இப்படித்தான் வருது" என்றார் தவசி. "அட்வான்ஸ் பை வண்டியில இருக்கு பிரபு. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வாங்கிரு."

சிவரஞ்சனி கமர்நிசாவைக் கைபிடித்துச் சரிவில் இறக்கினாள். செருப்பு வழுக்க, புர்க்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யா அல்லா யா அல்லா என்று இறங்கி வந்தவள், ஓடையோரத்து வரிசைக்கு முன்னால் வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிவரஞ்சனி செடியின் அடியை விலக்கிக் காட்டினாள். மண்ணோடு ஒட்டி, சரத்தில் பச்சையாகக் காய் பிடித்திருந்தது. கமர்நிசா ஒரு காயைக் கிள்ளி, நசுக்கி, முகர்ந்து பார்த்தாள். மேலே எங்கும் காய்ந்து மடங்கிய செடிகளையும் பார்த்தாள்.

"இந்தத் தூரப் பிரிச்சா எத்தன கன்னு வரும்?"

"நல்ல தூருன்னா பத்துக்கு மேல பிரிக்கலாம்க்கா."

"காய்க்கிறதுக்கு?"

"மூணு வருசம். அதுக்கப்புறம் வருசா வருசம்."

பிரபு கீழே இறங்கி வந்தான். "நல்ல செடிதான்க்கா, நானும் இல்லேங்கல. ஆனா இவ பாதிய வச்சு மூணு வருசம் ஓட்ட முடியாது. அதுக்குத்தான் நானும்..."

"பாதின்னு யாரு தம்பி பிரிச்சா?" என்றாள் கமர்நிசா.

பிரபு முழித்தான். சிவரஞ்சனியும்தான்.

"முழு அரைக்காசும் இங்கதான் எறங்குது. சும்மா இல்ல, தானதர்மம் பண்ண நான் வரல. தோட்டத்துல பாதி எம் பேருக்கு எழுதணும். காய் வந்தா சரிக்குச் சரி. நட்டம்னாலும் சரிக்குச் சரி. எனக்கு ஏலக்காயப் பத்தி ஒண்ணுந் தெரியாது, இவளுக்குத் தெரியும். அது போதும் எனக்கு. சம்மதமா, இல்லையா?"

பிரபு காய்ந்த சரிவைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், கடைசியில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை இப்படி அவன் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. மேலே நின்ற தவசியிடம் திரும்பி, "அண்ணே, கோவிச்சுக்கிராதீக. எடம் குடுக்கல" என்றான்.

தவசிக்கு வந்ததே கோபம். "வெளையாடுறியா? விடியக்காலைல இருந்து ஆளுகள வச்சு அளந்திருக்கேன். குச்சி அடிச்ச கூலி யாரு குடுப்பா?"

"ஒங்க வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகை அடிக்கணும்னா நம்ம கடைக்கு வாங்கண்ணே" என்றாள் கமர்நிசா. "காசே வேணாம், அடிச்சுத் தர்றேன்."

தவசி முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்குப் போனார். சிவரஞ்சனி நின்ற இடத்தில் நின்று அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவும் தோன்றவில்லை, சத்தம்போட்டு அழுதாள். கமர்நிசா அவளைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் கடைக்காரி கடைக்காரிதான்.

"அழுகுறத அப்புறம் வச்சுக்கடி" என்றாள். "என் கை ஆகாது. மொதல்ல அந்தச் செடியில குத்தியிருக்கிற குச்சியப் புடுங்கு."